அனிதா மூய்: 1989க்குப் பிறகு ‘சிறந்த பாடகி’ விருது ஏன் இல்லை?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் பார்க்கிறோம். பார்த்த படத்தைப் பற்றி யாராவது ஒருவர் இரண்டு பக்கம் எழுதி, அடுத்த மாதம் வரும்போது எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இந்த முறை என் பங்கு. படம் ‘ரூஜ்’. ஸ்டான்லி குவான் இயக்கிய ஹாங்காங் படம்.

1930களில் காதலனோடு சேர்ந்து சாக முடிவெடுத்த ஒரு கணிகை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவன் வரவில்லை. 50 ஆண்டுகள் காத்திருந்துவிட்டு, 1980களின் ஹாங்காங்குக்கு ஆவியாக வந்து, ஆளைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்த அனிதா மூய் படம் முழுக்கக் குரலை உயர்த்துவதே இல்லை. பார்த்து முடித்த பிறகு எங்களில் யாரும் உடனே எழுந்து விளக்கைப் போடவில்லை.

இவர் ஒரு பாப் பாடகி என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கட்டுரையின் கடைசியில் விருதுகளை ஒரு அட்டவணையாகப் போடலாம் என்று தேடினேன். கிடைத்தவை: 1982இல் டிவிபி தொலைக்காட்சியின் புதுமுகப் பாடகர் போட்டியில் முதலிடம். 1985 முதல் 1989 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் ‘ஜேட் சாலிட் கோல்ட்’ இசை விருதில் சிறந்த பாடகி. ‘ரூஜ்’ படத்துக்காக 1987இல் தைவானின் தங்கக் குதிரை விருது, 1989இல் ஹாங்காங் திரைப்பட விருது, இரண்டிலும் சிறந்த நடிகை.

என் சந்தேகம் இதுதான். 1989க்குப் பிறகு சிறந்த பாடகி என்ற வரிசை சட்டென்று நின்றுவிடுகிறது. அப்போது அவருக்கு 26 வயதுதான். மார்க்கெட் போய்விட்டதா? உடம்பு சரியில்லையா? தெரிந்தவர்கள் சொன்னால் கட்டுரையில் தப்பாக எழுதாமல் இருப்பேன்.

பட்டறைக்காரன்:

நான் படங்கள் வழியாக மட்டும் அறிந்தவன், பாட்டு விவரம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 1991இல் அவர் மேடையிலிருந்து விடைபெறுவதாக அறிவித்து நிறையக் கச்சேரிகள் செய்தார் என்பது தெரியும். 1994இல் திரும்பி வந்தார். ஒருவேளை அந்த இடைவெளியால் இருக்கலாம்.

அட்டவணையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ‘ரூஜ்’ படத்துக்கு முன்பே, ‘பிஹைண்ட் த யெல்லோ லைன்’ படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த துணை நடிகை வாங்கியிருக்கிறார். 1984இல் வந்த படம், விருது 1985இல். லெஸ்லி சியூங், மேகி சியூங் இருவரும் அதில் உண்டு. சினிமாவுக்கு வந்த வேகத்திலேயே கிடைத்த விருது அது.

தோபாயோ மலர்:

தம்பி வைகைக்கரை, மார்க்கெட்டும் போகவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. அவராகவே வேண்டாம் என்று சொன்னார். 1990இல், தன் பிறந்தநாள் விருந்தில். இனிமேல் போட்டியாக நடக்கும் இசை விருதுகளில் நான் இல்லை, புதிதாக வருகிறவர்களுக்கு வாய்ப்புப் போகட்டும் என்று அறிவித்தார். பட்டறைக்காரன் சொல்லும் 1991 விடைபெறல் அதற்கு அடுத்து வந்த வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

ஒரு வரியில் பதில் முடிந்தது. ஆனால் எனக்கு இவரைப் பற்றி ஒரு வரியில் நிறுத்த முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிங்கப்பூர். தோ பாயோவில் வளர்ந்தவள். 1985இல் எனக்கு 11 வயது. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கேண்டனீஸ் பாட்டி இருந்தார், ஹாங்காங்கில் பேசும் அதே சீன மொழிக்காரர். அவர் பேரப்பிள்ளைகள் ‘போ போ’ (அவர்கள் மொழியில் பாட்டி) என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வீட்டிலேயே தையல் வேலை. பள்ளிச் சீருடை, சீன மணப்பெண் உடை, எங்கள் அம்மாவின் ரவிக்கை எல்லாம் தைப்பார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு கேசட் பிளேயர். அதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே குரல். பெண் குரல்தான், ஆனால் எங்கள் வீட்டு வானொலியில் கேட்ட பாடகிகளின் மெல்லிய குரல் இல்லை. அடியிலிருந்து வரும் கனத்த குரல். யார் என்று கேட்டேன். ‘அனிதா’ என்றார். நம்ம ஊர்ப் பெண் ஒருவர் சீனப் பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பிறகு கேசட் அட்டையில் படத்தைப் பார்த்துத்தான் தெளிந்தது.

இந்த விருதுகளை வெறும் பெயராகவும் ஆண்டாகவும் அட்டவணையில் போட்டால் அவற்றின் கனம் தெரியாது. 1982 போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது முதன்முறையாக நடந்த போட்டி. 3,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அனிதாவுக்கு 18 வயது. மூத்த பாடகி பாலா சுய் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டை எடுத்துப் பாடி வென்றார். கேபிடல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் ஒப்பந்தம் கிடைத்தது. பட்டம் என்னவோ புதுமுகம். ஆனால் அவர் அக்கா ஆன் மூயுடன் சேர்ந்து நாலைந்து வயதிலிருந்தே பாடிக்கொண்டிருந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா இல்லை. ஹாங்காங்கில் லாய் சி கோக் பக்கம் லாய் யுவன் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே மேடையில் பாடுவார்கள், இரவு விடுதிகளிலும் பாடுவார்கள். வீட்டுக்கு அந்தச் சம்பாத்தியம் தேவைப்பட்டது. படிப்பும் பாதியில் நின்றது. ஆகவே 1982இல் அந்த மேடையில் நின்ற 18 வயதுப் பெண்ணுக்குப் பின்னால் பத்துப் பதின்மூன்று ஆண்டு உழைப்பு இருந்தது. போ போ இதைச் சொல்லும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் சொல்வார்.

அப்புறம் அந்த 5 ஆண்டுகள். ஜேட் சாலிட் கோல்ட் என்பது டிவிபியின் பாட்டு நிகழ்ச்சி. அதன் பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் டிவிபி என்றால் வீட்டுக்கு வீடு ஓடும் தொலைக்காட்சி, அந்த விருதுக்கு அவ்வளவு மதிப்பு. 1985இல் அவருடைய ‘பேட் கேர்ள்’ இசைத்தொகுப்பு வந்தது. தலைப்புப் பாட்டு ஆங்கிலப் பாட்டு ஒன்றின் மெட்டு. நல்ல வீட்டுப் பெண் அடக்கமாகக் காதல் பாட்டுப் பாட வேண்டும் என்று எதிர்பார்த்த ஊரில், தோளில் ஆண்கள் போடும் கோட்டும் கண்ணில் அடர்ந்த மையுமாக வந்து நின்றார். ஆடை வடிவமைத்தவர் எடி லாவ். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு புது உருவம். ‘கிழக்கின் மடோனா’ என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. மடோனா மடோனாதான், அனிதா அனிதாதான். போ போ அந்த உடைகளைப் படத்தில் பார்த்தே தையல் எங்கே ஓடுகிறது, தோளுக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டுவார். நான் முதலில் கற்றுக்கொண்ட தையல் பாடம் அதுதான்.

இந்த 5 ஆண்டுகளுக்கு நடுவில்தான் ‘ரூஜ்’ வந்தது என்பதைக் கவனியுங்கள். அதாவது ஒரு பக்கம் மேடையில் அப்படி ஒரு அதிரடி, இன்னொரு பக்கம் நீங்கள் பார்த்த அந்த அமைதியான ஆவி. தங்கக் குதிரை விருது அவருக்கு வந்தபோது வயது 24. உங்கள் அட்டவணையில் பாட்டுக்கும் நடிப்புக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டாம் என்பேன். ஆண்டு வரிசையில் கலந்தே போடுங்கள். அப்போதுதான் ஒரே ஆள் ஒரே காலத்தில் இரண்டையும் செய்தது கண்ணுக்குத் தெரியும்.

சரி, 1990க்கு வருகிறேன். ஐந்து முறை தொடர்ந்து வாங்கியவர். ஆறாவதும் வந்திருக்கும் என்றே பலர் நினைத்தார்கள். அப்போதுதான் நகர்ந்துகொண்டார். பாடுவதை நிறுத்தவில்லை, கச்சேரியை நிறுத்தவில்லை, போட்டியை மட்டும் விட்டார். எனக்கு அப்போது 16 வயது, அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கோபம்கூட வந்தது. எண்ணிக்கை கூடியிருக்குமே என்று போ போவிடம் சண்டை போட்டேன்.

எனக்குப் புரிய இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. இப்போது வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். பல ஆண்டுகளாக ஒரு போட்டிக்கு என் மாணவர்களை அனுப்பி வந்தேன், எங்கே என்று சொல்ல வேண்டாம். 4 ஆண்டுகள் தொடர்ந்து ஒரே பெண்தான் முதல் பரிசு. அவளும் என் மாணவிதான், தங்கமான குரல், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் முதல் ஆண்டு என்னிடமிருந்து 9 பிள்ளைகள் போனார்கள், நான்காம் ஆண்டு 3 பேர். ஒரு பையன், நல்ல சுருதி சுத்தம் உள்ளவன், ‘டீச்சர், யார் ஜெயிப்பாங்கன்னு தெரியுமே’ என்று சொல்லிவிட்டு வருவதையே நிறுத்திவிட்டான். ஏற்பாட்டாளர்களிடம் போய், வென்றவர்களை அடுத்த ஆண்டு சிறப்பு விருந்தினராகப் பாட வையுங்கள், போட்டியில் வேண்டாம் என்று கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்கள். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் அனிதா மூயின் 1990 நினைவுக்கு வந்தது. விதி கேட்காமல், யாரும் வற்புறுத்தாமல், 27 வயதில் ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், 1989க்குப் பிறகு உங்கள் அட்டவணையில் தெரியும் அந்த வெற்றிடத்தை வெற்றிடமாக விடாதீர்கள். 1990 என்று ஒரு வரிசை போட்டு, போட்டியிலிருந்து விலகினார் என்று எழுதுங்கள். அவர் வாங்கிய எந்தக் கோப்பைக்கும் அது குறைந்ததில்லை.

கதிர் கே:

மலர் அக்கா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஒரு கேள்வி மட்டும். முதலிடத்தில் இருப்பவர் போட்டியில் இல்லை என்றால், அடுத்து வாங்குகிறவருக்கு அது முழு விருதாக இருக்குமா? ‘அவர் இல்லாததால் உனக்குக் கிடைத்தது’ என்று ஊர் சொல்லாதா? நான் கபடி ஆடியவன். எங்கள் ஊரில் பலமான அணி வராத ஆண்டில் கோப்பை வாங்கினோம். இன்றுவரை அந்தக் கோப்பையைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்களுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும்.

தோபாயோ மலர்:

நியாயமான கேள்வி, கதிர் தம்பி. ஓரளவுக்கு நீங்கள் சொல்வது சரி. முதல் ஆண்டு அப்படிப் பேசியிருப்பார்கள்தான். ஆனால் கபடியில் அந்த அணி அடுத்த ஆண்டு திரும்பி வந்துவிடும். இவர் திரும்பவில்லை. 1990இல் அந்த விருது சாலி யேவுக்குப் போனது. பிறகு ஃபே வோங் காலம் வந்தது. ஃபே வோங்கின் விருதைப் பார்த்து யாரும் அது பாதி விருது என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. இடம் காலியானால் முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நின்று பாடுகிறவர் பாடிப் பாடி அதைத் தனதாக்கிக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. இவர் வழியை விட்டுவிட்டுச் சும்மா ஒதுங்கி நிற்கவில்லை. இளையவர்களைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார். கிராஸ்ஹாப்பர் என்ற மூவர் குழு இவருடைய பின்னணியில் ஆடிப் பாடி வளர்ந்தது. ஆண்டி ஹுய் இவரைக் குருவாகச் சொல்பவர். டெனிஸ் ஹோ 1996இல் வென்றது எந்தப் போட்டி தெரியுமா? 1982இல் அனிதா வென்ற அதே புதுமுகப் போட்டி. பிறகு அனிதாவிடமே சீடராகச் சேர்ந்தார்.

உங்கள் கோப்பை விஷயத்துக்கு ஒரு வார்த்தை. அந்த ஆண்டு நீங்கள் ஆடி வென்ற ஆட்டங்கள் நிஜமானவைதானே. வெட்கப்பட வேண்டாம்.

பட்டறைக்காரன்:

மலர் அக்கா, 1990 விஷயம் எனக்குப் புதிது. நன்றி.

திரைப்படப் பக்கத்தில் இன்னும் இரண்டு சேர்க்கிறேன். ‘எய்ட்டீன் ஸ்பிரிங்ஸ்’, ஆன் ஹுய் இயக்கியது, 1997. எழுத்தாளர் ஐலீன் சாங்கின் நாவல். அப்பா இறந்த குடும்பத்தைத் தாங்க நடன விடுதியில் வேலைக்குப் போகும் மூத்த மகள் அனிதா. குடும்பத்துக்காகத் தன்னைக் கரைத்துக்கொண்டவள், கடைசியில் தன் தங்கைக்கே பெரிய கொடுமை செய்கிறாள். கதாநாயகி தங்கைதான், ஆனால் படம் முடிந்து மனத்தில் நிற்பது அக்கா. 1998இல் ஹாங்காங் திரைப்பட விருது, சிறந்த துணை நடிகை. சின்ன வயதிலிருந்து குடும்பத்துக்காக மேடை ஏறியவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அந்தப் பாத்திரத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று இப்போது யோசிக்கிறேன். இன்று இரவு மறுபடி பார்க்கப் போகிறேன்.

அடுத்து ‘ஜூலை ராப்சடி’, 2002. இதுவும் ஆன் ஹுய். ஜாக்கி சியூங் பள்ளி ஆசிரியர், இவர் மனைவி. அரிதாரம் இல்லாத முகம், வீட்டில் காய்கறி நறுக்கும் கை. ‘ரூஜ்’ பிடித்திருந்தால் உங்கள் குழு அடுத்து பார்க்க வேண்டியது இது.

எந்த அட்டவணையிலும் வராத ஒரு மரியாதையும் உண்டு. ஜாங் யிமோ தன் ‘ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டேகர்ஸ்’ படத்தில் அனிதாவுக்கு ஒரு வேடம் வைத்திருந்தார். தன் காட்சிகளை நடிக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். ஜாங் யிமோ வேறு நடிகையை அந்த இடத்தில் போடவில்லை. கதையை மாற்றிக்கொண்டு, 2004இல் படம் வந்தபோது அதை அனிதாவின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். அவ்வளவு பெரிய படத்தில் ஒரு வேடத்தையே காலியாக விடுவது சாதாரணமில்லை.

தோபாயோ மலர்:

அந்தச் சமர்ப்பணத்தை நான் திரையரங்கில் பார்த்தேன். எழுந்து போய்க்கொண்டிருந்தவர்கள் சிலர் நின்றுவிட்டார்கள்.

1998இல் துணை நடிகை விருது என்றீர்கள். அதே ஆண்டு ஆர்டிஹெச்கே வானொலி இவருக்குத் ‘தங்க ஊசி’ விருது கொடுத்தது. இது போட்டி விருது இல்லை, வாழ்நாள் பங்களிப்புக்கு. வழக்கமாக மூத்தவர்களுக்குப் போவது. இவர் அப்போது 40ஐத் தொடவே இல்லை. அதனால் தம்பி வைகைக்கரை, 1990க்குப் பிறகு இசை விருதே இல்லை என்றும் எழுதிவிடக் கூடாது. விருதின் பெயரைக் கேட்டுப் போ போ அடைந்த சந்தோஷம் இருக்கிறதே! தையல்காரி, ஊசி என்றதும் தனக்கே கொடுத்ததுபோல் வைத்துக்கொண்டார். அன்று எங்களுக்கெல்லாம் பாசிப்பயறு இனிப்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

கடைசி ஆண்டைப் பற்றி எழுத மனம் வரவில்லை, ஆனால் கட்டுரையில் வர வேண்டும். அக்கா ஆன் மூய் 2000இல் கருப்பைவாய்ப் புற்றுநோயில் போனார். அதே நோய் இவருக்கும். 2003 ஏப்ரலில் நெருங்கிய நண்பர் லெஸ்லி சியூங் மறைவு. அந்த வசந்தத்தில் ஹாங்காங் முழுக்க சார்ஸ் தொற்றுநோய். மே மாதம், சார்ஸால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகக் கலைஞர்களைத் திரட்டி நிதி நிகழ்ச்சி நடத்தியவர்களில் இவர் முன்னால் நின்றார். தன் நோயைப் பற்றி ஊருக்குச் சொன்னது செப்டம்பரில்தான். நவம்பரில் ஹாங்காங் கொலிசியத்தில் 8 இரவுகள் பாடினார். கடைசியில் வெள்ளை மணப்பெண் உடை, அதுவும் எடி லாவ் செய்தது. கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்த உடையில் சூரியன் மறைவதைப் பற்றிய தன் பாட்டைப் பாடிவிட்டுப் படியேறிப் போனார். டிசம்பர் 30ஆம் தேதி இறந்தார். 40 வயது.

போ போவுக்கு அப்போது 80ஐத் தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. அந்த உடையின் படத்தை நான் பத்திரிகையில் காட்டியபோது, பின்னால் இழுபடும் துணி எத்தனை முழம் இருக்கும் என்று மட்டும் கேட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை.

பட்டறைக்காரன்:

அக்கா எழுதிய பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. தகவலுக்காக: 2014இல் ஹாங்காங் ‘அவென்யூ ஆஃப் ஸ்டார்ஸ்’ கரையோரத்தில் இவருக்குச் சிலை வைத்தார்கள். 2021இல் இவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். அனிதாவாக நடித்த லூயிஸ் வோங்குக்கு அதுதான் முதல் படம். 2022 ஹாங்காங் திரைப்பட விருதில் அவருக்குச் சிறந்த புதுமுகம் கிடைத்தது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ‘மார்க்கெட் சரிந்தது’ என்று ஒரு பத்தி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். மலர் அக்கா சொன்னபடி பாட்டையும் நடிப்பையும் ஒரே வரிசையில் கலந்து, 1990க்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். ‘விருது’ என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்று யோசித்து, ‘போட்டி விருதுகள் இனி வேண்டாம் என்று அறிவித்தார்’ என்று முழு வாக்கியமாகவே போட்டுவிட்டேன். அட்டவணையில் அது மட்டும் நீளமாக இருக்கிறது, இருக்கட்டும்.

அடுத்த மாதம் ‘ஜூலை ராப்சடி’ என்று குழுவில் சொல்லிவிட்டேன். அக்கா, ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு போட ஒரு படம் தேவை. போ போவின் அந்த கேசட்டுகள் ஏதாவது இருக்கிறதா?

தோபாயோ மலர்:

இருக்கிறது தம்பி. போ போ போன பிறகு அவர் மகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய எங்களுக்குக் கொடுத்தார். ஈசூனில் என் தங்கை வீட்டில் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். 1985 கேசட்டின் அட்டையில் ஓரத்தில் போ போ பென்சிலால் தோள் அளவு குறித்து வைத்திருப்பார், அது அழியாமல் இருந்தால் அதையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புகிறேன்.